வங்காள இலக்கியத்துக்கு ஒரு பிராக்டிகல்

அன்று காலை இரண்டாவது வகுப்பு. அனிமேஷ் சார் கரும்பலகையில் மழைக்கான வங்காளச் சொற்களை எழுதிக்கொண்டிருந்தார். தூறலுக்கு ஒன்று, சாரலுக்கு ஒன்று, விடாமல் பெய்வதற்கு ஒன்று, இடியோடு வருவதற்கு ஒன்று. வெளியே விருத்தாசலத்து வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. மின்விசிறியைப் போட்டால் ஊரிலுள்ள பீங்கான் தொழிற்சாலைகளின் களிமண் தூசி நோட்டில் வந்து படியும் என்பதால் அதை அணைத்து வைத்திருந்தோம். மழையை வேர்வையோடுதான் படித்தோம்.

கதவைத் தட்டாமல் தாளாளர் உள்ளே வந்தார்.

"எல்லாரும் எந்திரிங்க. வாசல்ல பஸ்ஸு நிக்குது, ஏறுங்க. இன்னைக்கி பிராக்டிகல்."

பி.ஏ. வங்காள மொழியும் இலக்கியமும் என்ற படிப்பில் பிராக்டிகல் கிடையாது. வேதியியல்காரர்களுக்கு ஆசிட் உண்டு. விலங்கியல்காரர்களுக்குக் கரப்பான்பூச்சி உண்டு. நமக்கு எதை அறுக்கக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஸ்டெல்லா என் காதில் கேட்டாள்.

சாக்பீஸைப் பிடித்தபடி அனிமேஷ் சார் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"நீங்களும் வாங்க சார்," என்றார் தாளாளர். "உங்க பாடந்தான்."

பஸ் ஸ்ரீமுஷ்ணம் சாலையில் திரும்பி, தாளாளரின் பீங்கான் தொழிற்சாலை வாசலில் நின்றது. கேட்டுக்கு வெளியே வங்காளத்துத் தொழிலாளர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. கொடி இல்லை, தட்டி இல்லை. ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல, துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்ககிட்ட பேசத்தான் உங்கள இத்தன நாளா படிக்க வச்சேன்," என்றார் தாளாளர். "பேசுங்க."

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் வங்காளம் படித்த கதையைத் தொட்டுவிட்டு விட்டதில், ஒரு வாசகர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: விருத்தாசலத்தில் ஏதம்மா வங்காளத் துறை, கதை விட ஒரு அளவில்லையா?

நியாயமான கேள்வி. அங்கே மூன்று வருடம் படித்த எனக்கே அந்தச் சந்தேகம் அவ்வப்போது வந்ததுண்டு.

எங்கள் தாளாளருக்கு இரண்டு தொழில். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் பீங்கான் தொழிற்சாலை. காலையில் அவரை 'தாளாளர்' என்று கூப்பிட வேண்டும், மதியம் 'மொதலாளி' என்று. கல்லூரிக்கு வெள்ளைச் சட்டையும், தொழிற்சாலைக்குத் தூசி தெரியாத பழுப்புச் சட்டையும் போடுவார். மாற்றிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

தொழிற்சாலையில் ஃப்யூஸ் கேரியர், கொலு பொம்மை, அகல் விளக்கு, கழிப்பறைப் பீங்கான் எல்லாம் ஒரே கூரையின் கீழ் செய்தார்கள். உள்ளூர் ஆட்கள் சூளை வேலைக்கு வருவது குறைந்துபோனது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ரயிலில் வந்து இறங்கிய வங்காளத்து ஆட்களை மேனேஜர் வேலைக்குச் சேர்த்தார். அவருக்குத் தெரிந்த ஹிந்தி சினிமாப் பாட்டோடு முடிந்துவிடும். மற்றதெல்லாம் கைஜாடைதான்.

ஒருநாள் அவர் 'வேணாம், வேணாம்' என்று கையை ஆட்டியதை 'சீக்கிரம், சீக்கிரம்' என்று புரிந்துகொண்டு, ஒரு சூளை அகல் விளக்குக்கும் கழிப்பறைக்கான வெள்ளைப் பூச்சைப் பூசிச் சுட்டு எடுத்துவிட்டார்கள். கார்த்திகைக்குப் போக வேண்டிய விளக்குகள் ஆஷ்ட்ரே என்ற பெயரில் விற்றன.

வேறு முதலாளியாக இருந்தால் மொழி தெரிந்த ஒரு ஆளை வைத்துக்கொண்டிருப்பார். இவர் கையில் ஒரு கல்லூரி இருந்தது. வங்காளத் துறை தொடங்கிவிட்டார். அனுமதி எப்படி வாங்கினார் என்று கேட்காதீர்கள். அந்தப் புராணத்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

என் அப்பா அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுவது அவர் வேலை. எனக்கு வணிகவியல் படிக்க ஆசை. தொழிலாளர் பிள்ளைகளுக்கு வங்காளத் துறையில் மட்டும் கட்டணம் கிடையாது என்றார் தாளாளர். அப்பா "சரிங்க மொதலாளி" என்றார். காலை நேரம் என்பதால் "தாளாளர்னு சொல்லு" என்று தாளாளர் திருத்தினார்.

என் உயர்கல்வி இப்படித்தான் முடிவாயிற்று.

எலுமிச்சம்பழம்

தெருவில் விஷயம் பரவியது.

"என்னாம்மா படிக்கிற?"

"வங்காளம் அத்தை."

"ஹிந்தியா?"

"இல்ல, வங்காளம். வேற பாஷை."

"அதான் ஹிந்தி."

இவர்களாவது பரவாயில்லை. அடுத்த தெரு அக்கா ஒருவர், நான் வகுப்பில் சேர்ந்த புதிதில், முந்தானையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மறைத்துக்கொண்டு எங்கள் வூட்டுக்கு வந்தார். வங்காளம் என்றால் அவருக்குத் தெரிந்தது மந்திரம் மட்டும்தான். சுவரொட்டியில் மண்டையோடு போட்டு விளம்பரம் செய்வார்களே, அந்த வங்காளம்.

"எங்க வூட்டுக்காரு சரியா பேசறதே இல்ல பாப்பா. எதனா ஓதிக் குடேன்."

"அக்கா, நாங்க இலக்கணந்தான் படிக்கிறோம்."

"அதையே ஓதேன்."

எனக்கு அப்போது எண்கள் மட்டும்தான் தெரியும். ஒன்றிலிருந்து பத்து வரை வங்காளத்தில் சொல்லிப் பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவர் வந்து, வூட்டுக்காரர் நன்றாகப் பேசுவதாகவும், இப்போது நிறுத்தத்தான் முடியவில்லை என்றும் சொன்னார். எனக்கு வந்த முதல் பாராட்டு அது. மொழியியல் துறையில் யாரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பித்தா

அனிமேஷ் சாருக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, தோளில் ஜோல்னாப் பை, சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பெரிய கைக்குட்டை. தென்னிந்தியாவில் ஒரு சிறு நகரத்தில் வங்காள இலக்கியத்துக்கென்று துறை திறந்திருக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்தபோது கண் கலங்கியதாக அவரே சொன்னார். துறை திறந்த காரணத்தை அவரிடம் சொல்லும் துணிச்சல் எங்களில் யாருக்கும் வரவில்லை.

வங்காளத்தில் 'வ' கிடையாது. எல்லா 'வ'வும் 'ப' ஆகிவிடும். என் பெயர் வித்யா. முதல் நாள் வருகைப் பதிவில் சார் மிகுந்த அன்போடு கூப்பிட்டார்: "பித்தா."

வகுப்பு அடங்க நேரமாயிற்று. பழமலைநாதருக்கு உரிய பெயரை எனக்குக் கொடுத்துவிட்டார் என்று ஸ்டெல்லா சொன்னாள். அவள் கத்தோலிக்கப் பெண், ஆனால் கோயில் விவகாரங்கள் என்னைவிட நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து கேன்டீன் வரைக்கும் நான் பித்தாதான்.

சார் கற்பித்த வங்காளம் அழகானது. சுத்தமானது. பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களிடம் பேசுவது. 'நீங்கள்' என்பதற்கு 'ஆப்னி', நண்பர்களுக்குள் 'துமி'. அதற்கும் கீழே 'துய்' என்று ஒன்று உண்டு என்று ஒரே ஒருமுறை சொன்னார். சின்னப் பிள்ளைகளிடமும், ரொம்ப நெருங்கியவர்களிடமும், சண்டையிலும் வரும். "என் வகுப்பில் உங்களுக்கு அது தேவைப்படாது," என்று, எங்களிடம் எப்போதும் பேசும் ஆங்கிலத்தில் சொல்லிக் கரும்பலகையை அழித்துவிட்டார்.

எனவே மூன்றாம் ஆண்டு முடியும்போது எங்களுக்கு வங்காளத்தில் வணங்கத் தெரியும், பிரிவாற்றாமையில் உருகத் தெரியும், படகுக்காரனிடம் கரை சேர்க்கச் சொல்லிக் கெஞ்சத் தெரியும். யாரையும் திட்டத் தெரியாது. டீ கேட்கவும் தெரியாது. பாடத்தில் யாரும் டீ குடிக்கவில்லை.

படகு என்றதும் ஞாபகம் வருகிறது. பாடப் பகுதி முழுக்க ஆறுகள். வெள்ளம், படகு, மறுகரை. எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதல்லவா, வாருங்கள்," என்று சார் ஒரு மாலை எங்களை மணிமுத்தாற்றுக்கு அழைத்துப்போனார். மணல். அதில் பசங்க கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடு ஆற்றில் ஸ்டம்ப் நட்டிருந்தது.

சார் கரையில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பந்து அவர் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துப் போட்டார். அந்தப் பாடத்தை அதன்பிறகு நாங்கள் மனப்பாடம் மட்டும் செய்தோம்.

பேச ஆளில்லை

சாருக்கு ஒரே குறை. தாய்மொழியில் பேச ஆளில்லை என்பார்.

இதைச் சொல்லும் இடம் பெரும்பாலும் ஜங்ஷன் சாலை டீக்கடை. அவரைச் சுற்றி வங்காளத்துத் தொழிலாளர்கள் வடை தின்றுகொண்டு, போனில் ஊருக்குப் பேசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு நிற்பார்கள். கடைத்தெருவில் ஒரு மளிகைக்காரர் அவர்களுக்காகவே கடுகெண்ணெய் வாங்கி வைத்து, வங்காளத்தில் அட்டையும் எழுதி மாட்டியிருந்தார். வகுப்புக்கு வெளியே நான் படித்த முதல் வங்காள வாக்கியம் அது: 'கடன் இல்லை.'

"சார், இவங்கல்லாம் உங்க ஊருதானே?" என்று ஸ்டெல்லா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அவர்கள் பேசுவது வட்டார வழக்கு," என்றார் சார். "நான் சொல்வது மொழி."

தாளாளருக்கு அவர்கள் வேலை செய்யும் கை. சாருக்கு அவர்கள் வட்டார வழக்கு. இரண்டு பேருமே அவர்களிடம் பேசியதில்லை.

சார் தமிழில் பேசிப் பழகிய ஒரே உள்ளூர் ஆள், அவர் தங்கியிருந்த கல்லூரி விடுதியின் வாட்ச்மேன். அவர் யாரையும் 'வா, போ' என்றுதான் பேசுவார். பேராசிரியர், தாசில்தார், தெரு நாய் எல்லாம் அவருக்கு ஒன்று. சாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். சாப்பாடு குடு, தண்ணி குடு, கதவ தொற. சார் இவற்றை மிகப் பணிவான குரலில், தலையைச் சாய்த்து, புன்னகையோடு சொல்லுவார். கேன்டீன் அம்மா முதல் நாள் திடுக்கிட்டுப்போய், பிறகு பழகிக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே

இனி அந்தக் காலைக்குத் திரும்பலாம்.

நடந்தது இதுதான். ஹபிபுல் என்ற தொழிலாளி சூளையிலிருந்து சூடு ஆறாத தட்டுகளை வண்டியில் இறக்கும்போது வண்டி சாய்ந்தது. அடுக்கு அவருடைய வலது கைமேல் விழுந்தது. மேனேஜர் களிம்பு தடவி, மாத்திரை கொடுத்து, கொட்டகையில் படுக்க வைத்துவிட்டார். இரண்டு நாளில் கை வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. புதுச்சேரிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள் கூட வேலை செய்தவர்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் மேனேஜர். அன்று காலை யாரும் உள்ளே போகவில்லை. மேனேஜர் தமிழில் கேட்டார், சினிமா ஹிந்தியில் கேட்டார். அவர்கள் வங்காளத்தில் மட்டும் பதில் சொன்னார்கள். அப்போதுதான் தாளாளருக்குத் தன் துறை ஞாபகம் வந்தது.

"நீ நல்லா படிக்கிற பொண்ணுதான? நீ பேசு," என்று என்னை முன்னே தள்ளினார். பேக்கிங் கொட்டகையின் கதவோரம் அப்பா நிற்பது தெரிந்தது. கையில் ஒரு பிடி வைக்கோல். கீழே போட மறந்துவிட்டார்.

தாளாளர் தொண்டையைச் செருமினார். காலை நேரம்தான், ஆனால் குரல் மதியத்துக்கு மாறியிருந்தது.

"என்னங்கடா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க, ஒழுங்கா உள்ள போங்கடான்னு சொல்லு."

நான் படித்த வங்காளத்தில் 'டா' கிடையாது. தெரிந்ததை வைத்துச் சொன்னேன். நான் சொன்னதைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: "ஐயன்மீர், தங்கள் திருவுள்ளத்தில் இருப்பது யாதென்று அறிய இவர் விழைகிறார். தயைகூர்ந்து உள்ளே எழுந்தருளுங்கள்."

பின்வரிசையில் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெயர் நூருல். எழுந்து நின்று வேகமாக ஏதோ சொன்னார். பாதி எனக்குப் புரிந்தது, மீதி ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. இரண்டையும் ஒட்ட வைத்தோம்.

"ஹபிபுலை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிம் போவணுமாம் சார். சூளைக்கிட்ட தண்ணித் தொட்டியும் ஃபேனும் வேணுமாம்."

"டிராமா போடாதீங்கடான்னு சொல்லு. களிம்பு தடவுனா சரியாப்பூடும்."

"தங்கள் நடிப்பை இவர் ரசிக்கவில்லை," என்றேன். "களிம்பின்மேல் இவருக்கு நம்பிக்கை இருக்கிறது."

நூருல் தலையசைத்து மிகப் பொறுமையாகச் சொன்னார்: "களிம்பின்மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை."

நான் ஒரு சொல் தவறினால் கதவோரம் வைக்கோலோடு நிற்கிறவருக்கு வேலை போகும். சரியாகச் சொல்லி இவர்கள் உள்ளே போய்விட்டால், கொட்டகைக்குள் ஒரு ஆள் காய்ச்சலில் அப்படியே கிடப்பார். நான் வணிகவியல் படித்திருக்கலாம்.

சாயங்கால வண்டி

தாளாளர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"இப்ப உள்ள போவலன்னா, சாயங்கால வண்டில அத்தன பேரையும் மூட்ட கட்டி ஊருக்கே ஏத்தி வுட்ருவேன்னு சொல்லு."

மிரட்டுவதற்கு வங்காளத்தில் என்ன சொல் என்று மூன்று வருடப் பாடத்தையும் ஒருமுறை தேடினேன். இல்லை. வழியனுப்புவதற்குத்தான் ஏராளம் இருந்தது.

"தாங்கள் அனைவரும் இல்லம் திரும்ப விரும்பினால், மாலை ரயிலில் அனுப்பிவைக்க இவர் ஏற்பாடு செய்வார்."

சலசலப்பு. நூருல் பின்னால் திரும்பி ஏதோ கேட்டார். தலைகள் ஆடின. அவர் என் பக்கம் திரும்பி, இந்த முறை எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என்னா சொல்றான்?" என்றார் தாளாளர்.

"சரீங்களாம் சார். நன்றி சொல்லச் சொன்னாங்க. எல்லாருக்கும் படுத்துட்டு போற டிக்கெட்டு போடணுமாம். ஹபிபுலுக்கு மட்டும் கீழ் பெர்த்து."

தாளாளருக்குப் பின்னால் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. முதல் நாளே சூளை மூட்டியிருந்தார்கள். ஆள் இல்லாமல் நடுவில் விட்டால் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் கேரியர் அத்தனையும் விரிசல் விடும் என்பது தொழிற்சாலை வாசலில் பிறந்த எனக்கே தெரியும். பெங்களூருக்குப் போகவேண்டிய லாரி வேறு அந்த வார முடிவில் வரவிருந்தது.

"நான் எப்ப டிக்கெட்டு போடறேன்னு சொன்னேன்?" என்று என்னைப் பார்த்தார்.

"ஏத்தி வுட்ருவேன்னு சொன்னீங்களே சார்."

இந்தப் பேச்சுக்கிடையில் அனிமேஷ் சார் எங்கே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. வந்தது முதல் பஸ் நிழலில் தலைமேல் கைக்குட்டை போட்டு நின்றிருந்தவர், அங்கே இல்லை. தொழிலாளர் கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். நடை வேகமாக இருந்தது. கூட்டத்தைத் தாண்டி நேராகத் தாளாளருக்கு முன்னால் வந்து நின்றார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஆங்கிலம் ஞாபகத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

"கார் குடு," என்றார்.

தாளாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"நீதான். நீ கார் குடு. கை அழுகுது. இப்ப குடு."

இருபது வருடத்தில் அந்த வளாகத்தில் தாளாளரை யாரும் 'நீ' என்று சொன்னதில்லை. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். சார் கையை நீட்டியபடி நின்றார். வழக்கம்போலத் தலை சற்றுச் சாய்ந்திருந்தது. புன்னகை மட்டும் இல்லை.

தாளாளரின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் சாவியோடு வெளியே வந்தது. தான் செய்ததைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளைக் காரின் பின் சீட்டில் ஹபிபுலைப் படுக்க வைத்தார்கள். சாரின் மடியில் தலை. கைக்குட்டையை நனைத்து அவர் நெற்றியில் போட்டிருந்தார் சார். டிரைவர் ஏறினார். கார் சாலையில் திரும்பும்வரை சார் ஹபிபுலிடம் ஏதோ பேசிக்கொண்டே போனது கண்ணாடி வழியே தெரிந்தது.

கார் மறைந்த பிறகு பேச்சு சுலபமாக முடிந்தது. தண்ணித் தொட்டி வரும், ஃபேன் வரும் என்றார் தாளாளர். ஒவ்வொருவராக எழுந்து துண்டை உதறிக்கொண்டு உள்ளே போனார்கள்.

எங்களுக்கு டீ வந்தது. கொண்டு வந்தவர் நூருல்.

"சாப்புடுங்க அக்கா. சக்கர கம்மியா இருக்குதா?"

டம்ளர் என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "தமிழ் தெரியுமா உங்களுக்கு?"

"இத்தன வருசமா இங்க இருக்கறேன், தெரியாதா? பஸ்ஸுல சீட்டுக்கு சண்ட போடுவேன்."

"பின்ன ஏன் எங்கள இந்தப் பாடு படுத்துனீங்க?"

"தமிழ்ல கேட்டா மொதலாளி போடாம்பாரு. போடான்னு சொல்லிட்டா போவணும்ல? பாஷ தெரியாத ஆளுன்னா, நின்னு கேட்டுத்தான ஆவணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "நீங்க பேசுனது பாதி புரியல அக்கா. சாமி கும்புடற மாதிரி இருந்துது."

அதன் பிறகு

ஹபிபுலின் கை தப்பியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை. ஆறியதும் ஊருக்குப் போய்விட்டார். சார் அவரோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கி, தாடியோடு திரும்பி வந்தார். ஹபிபுலின் அம்மா தினமும் போன் செய்வாராம். "அந்த அம்மா பேசுவது முதலில் எனக்குப் புரியவில்லை," என்று வகுப்பில் சொன்னார். "இப்போது புரிகிறது." பிறகு பாடத்தைத் திறந்துவிட்டார்.

ஆண்டு விழாவில் தாளாளர் மைக்கைப் பிடித்து, நம் கல்லூரியின் வங்காளத் துறையால் ஒரு பெரிய தொழில் தகராறு அரை நாளில் தீர்ந்தது என்று முழங்கினார். அனிமேஷ் சாரின் தமிழ்ப் புலமையைத் தனியாகப் பாராட்டினார். பிறகு என் பெயரைச் சொல்லி, படிப்பு முடிந்ததும் தொழிற்சாலையில் லேபர் ஆபீசர் வேலை என்று மேடையிலேயே அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார்.

அதற்கு முன்பே எனக்கு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து நாள்தோறும் ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்கும் ஊர் அது. அவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே நின்று பேச ஆள் தேடினார்கள். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மேடையில் கும்பிட்ட கையைப் பார்த்த பிறகு சுத்தமாக வரவில்லை.

மறுநாள் நன்றி சொல்ல வேண்டும் என்று அப்பா என்னை மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். மதியத்துக்கு மேல். பழுப்புச் சட்டை.

"வேல ஒண்ணும் கஷ்டமில்ல," என்றார் முதலாளி. "நான் என்னா திட்டுறனோ, அத அப்படியே அவங்க பாஷைல திட்டணும். அன்னைக்கி நீ கொஞ்சம் மெதுவா பேசுன. பரவால்ல, பழகிடும்."

நான் தரையைப் பார்த்தேன். பொம்மைக்கு அடிக்கும் வண்ணம் சிவப்பும் நீலமுமாகச் சிந்திக் காய்ந்திருந்தது.

"இல்லீங்க," என்றார் அப்பா.

முதலாளி நிமிர்ந்தார்.

"அது வேலூருக்கு போவுதுங்க. ஆஸ்பத்திரி வேலைக்கி."

அம்மாவிடம் சொன்னது எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரில இதுக்கு என்னாய்யா வேல?"

"ஒடம்பு சரியில்லாம வர்றவங்ககிட்ட நல்லபடியா பேசுற வேலைங்க," என்றார் அப்பா. "அது அதுக்குத்தாங்க படிச்சிருக்குது."

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேஜைமேல் இருந்த ஃப்யூஸ் கேரியரை எடுத்து உருட்டினார். உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒன் சின்னப் பொண்ணு என்னா படிக்குது?"

"பன்னண்டுங்க."

"அடுத்த வருசம் காலேஜுல ஒடியா பாஷ ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஃபீசு கெடையாது."

"யோசிச்சி சொல்றேங்க," என்றார் அப்பா.

வெளியே வந்து மொபெட்டை மிதித்தார். கிளம்பவில்லை. மறுபடி மிதித்தார். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. அவர் மிதிதான் பாதியிலேயே நின்றுவிட்டது.

"நீ ஓட்டு பாப்பா," என்று இறங்கிப் பின்னால் உட்கார்ந்தார்.